மாகா மாமாவின் நீண்ட செய்தி

நெயாஃபு, வாவாவு
மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

தேவ கிருபையால் இங்கே எல்லாரும் நலம். அங்கே குளிர் தொடங்கிவிட்டதாக அம்மா சொன்னார். நீங்களும் அத்தானும் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. குழந்தைகள் ஞாயிறு என்ற திருநாளில் என் மகள் ஃபுசி சபைக்கு முன்னால் நின்று, சொல்ல வேண்டிய வசனத்தைப் பாதியில் மறந்துவிட்டாள். அழவில்லை. "மீதிய அடுத்த வருஷம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள். போதகரே சிரித்துவிட்டார்.

நான் கணினியில் எழுதிய படகுப் பலகை ஊருக்குப் பழகிவிட்டது. ஒவ்வொரு படகிலும் ஓர் இடங்காட்டிப் பெட்டி இருக்கிறது. அது அனுப்பும் செய்தியை வாங்கி, எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று பலகை வரைபடத்தில் காட்டுகிறது. காற்று ஏறினால் இப்போது பெண்கள் துறையில் வந்து நிற்பதில்லை. கைபேசியைப் பார்த்துவிட்டு அடுப்பில் பானையை வைக்கிறார்கள். என் அக்கா வேலை பார்க்கிற புரோல்கா என்ற நிரல்மொழியில்தான் இதை எழுதினேன் என்று ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று.

ஒரே தொல்லை மாகா மாமா. அம்மாவோடு பிறந்தவர், திட்டவும் முடியவில்லை. அவர் படகில் இருப்பது நியூசிலாந்துப் பாய்மரப் படகுக்காரர் ஒருவர் விட்டுப்போன பழைய பெட்டி. சிக்னல் இல்லாத இடத்தில் அது போன வழியையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்கிறது. சிக்னல் கிடைத்ததும் மொத்தத்தையும் சுருக்கி ஒரே நீளச் செய்தியாக அனுப்புகிறது. சில சமயம் அந்தச் செய்தி வந்த உடனே பலகை முழுவதும் விழுந்துவிடுகிறது. மறுபடி எழுப்ப வேண்டியிருக்கிறது.

நேற்று ஆண்கள் கூடிக் காவா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்த இடத்தில் அதே பேச்சு.

"என்னடா செமிசி, உன் பலகைக்கு என்னைக் கண்டா பயமா?" என்றார் மாமா.

"பயம் இல்ல மாமா, நீங்க ஒரேயடியா பேசுறீங்க. அதுக்கு மூச்சு முட்டுது."

"உங்க அம்மாகிட்ட வளர்ந்தவன்டா நான். குறுக்கப் பேச விடமாட்டா. எடம் கெடைச்சா மொத்தமா பேசிடணும்."

என் நிரலை வரிவரியாகப் பார்த்துவிட்டேன். தப்பு தெரியவில்லை. உங்களுக்கு நேரம் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் நலத்துக்காக ஜெபிக்கும் தம்பி,
செமிசி


லோகன், பிரிஸ்பேன்
மே 22

அன்புத் தம்பி செமிசிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் வந்த அன்று நாள் முழுக்கச் சிரித்தபடி இருந்தேன். ஃபுசிக்கு என் முத்தம். அம்மாவின் முழங்காலுக்கு அத்தான் ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறார், அடுத்து ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் நிரலில் தப்பு இல்லாமலும் இருக்கலாம். மாமாவின் பெட்டி அனுப்பிய செய்தியையும், பலகை விழும்போது கணினி எழுதி வைக்கிற கோப்பையும் எங்கள் குழுவின் முகவரிக்கு அனுப்பு. என் சொந்த முகவரிக்கு வேண்டாம். பொதுக் கலந்துரையாடல் பக்கத்தில் எதுவும் போடாதே.

என் வேலை என்ன என்று நீ கேட்கும்போதெல்லாம் நான் மழுப்பியிருக்கிறேன். புரோல்காவில் எழுதிய எந்த நிரலானாலும் அதைக் கணினியில் ஓடவைக்க அடியில் ஒரு மென்பொருள் உண்டு, அதைத்தான் நாங்கள் அடித்தளம் என்கிறோம். அதில் திருடன் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைப்பது எங்கள் வேலை. நான், டெஸ், எங்கள் தலைவி பிரியோனி, மூன்றே பேர். அடைத்து முடிக்கும்வரை வீட்டுச் சாப்பாட்டு மேசையில்கூட வாய் திறக்க மாட்டோம். பிரியோனியின் கணவர் அவளை மீன் என்றே கூப்பிடுகிறார். வாய் அசையும், சத்தம் வராது.

உன் வீட்டுக்காரி அலிசியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
லுசேயானே


லோகன்
ஜூன் 19

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நீ அனுப்பியவை கிடைத்தன. நன்றி.

பலகை விழுவதைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது. ஒரு வேண்டுகோள் மட்டும். முடிந்தால் கொஞ்ச காலத்துக்குப் பலகையை இணையத்திலிருந்து எடுத்துவிடு. துறைமுக அலுவலகத் திரையில் மட்டும் தெரியட்டும். காரணம் கேட்காதே.

பெருவள்ளிக் கிழங்கு நடத் தோட்டம் உழுதாயிற்றா? அம்மா குனிந்து வேலை செய்யாமல் பார்த்துக்கொள். தேவாலயப் பாடகர் குழுவில் என்னை இரண்டாம் குரலுக்கு மாற்றிவிட்டார்கள். வருத்தம் இல்லை.

அன்புடன்,
லுசேயானே


நெயாஃபு
ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் சுகம். தோட்டம் உழுதாயிற்று. அம்மா குனியவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களை ஏவுகிறார்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அக்கா சொன்னால் தம்பி செய்ய வேண்டும், அப்படித்தான் வளர்ந்தோம். ஆனால் நீங்கள் 'முடிந்தால்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எந்தப் பக்கம் எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இருந்தாலும் மூடினேன்.

மூடிய மறுநாளே பங்காய்மோட்டுத் தீவிலிருந்து மீனவர் மனைவி செலா குடையோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"என் புருஷன் எங்க இருக்கான்னு நீ மட்டும் பாத்துக்கிட்டு இருப்பியா?"

"கொஞ்ச நாளைக்குத்தான்."

"எதுக்கு?"

"தெரியல."

"காரணம் தெரியாமயே கதவச் சாத்துனியா? நல்லாருக்குடா உன் வேலை. கிளம்பு, எனக்கு உன் நாற்காலி வேணும். அவன் கரைக்கு வர்ற வரைக்கும் இங்கதான் உக்காரப் போறேன்."

உட்கார்ந்தார், அக்கா. அடுத்த நாள் அவரோடு இன்னும் சில பெண்கள் பாயும் பின்னல் வேலையுமாக வந்துவிட்டார்கள். திறந்துவிட்டேன்.

ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. விழுகிற தொல்லையை நானே தீர்த்துவிட்டேன். பலகைக்கு முன்னால் ஒரு வாயில் வைத்திருக்கிறேன். அளவுக்கு மேல் நீளமான செய்தி வந்தால் பலகைக்குப் போகாமல் குப்பைக் கோப்பில் விழும். அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் பலகை விழவில்லை. பிரிஸ்பேன் காரியாலயத்தில் மூன்று பேர் செய்கிற வேலையை இங்கே ஒருவன் செய்துவிட்டான் என்று உங்கள் டெஸ்ஸிடம் சொல்லுங்கள்.

ஆண்டவர் உங்களைக் காக்கட்டும்.
செமிசி


லோகன்
ஜூலை 6

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ வைத்த வாயில் நல்ல யோசனை. அப்படியே இருக்கட்டும், எடுத்துவிடாதே. டெஸ்ஸிடம் சொன்னேன். உனக்கு வேலை வேண்டுமா என்று கேட்டான்.

வேலை அதிகம். அம்மாவிடம் அடுத்த வாரம் பேசுகிறேன் என்று சொல்.

அக்கா


நெயாஃபு
ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். தேவனுக்கு நன்றி. அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மற்றது நீளம். நடந்ததை அம்மா போனில் சொல்லியிருப்பார். அவருக்குத் தெரியாததும் இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் மாகா மாமா அவர் மகன் ஃபெலேத்தியோடு ஹூங்கா தீவுக்கு அப்பால் சூரை மீனுக்குப் போனார். மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து காற்று ஏறியது. எல்லாப் படகும் திரும்பிவிட்டன, அவர் படகு வரவில்லை. பலகையில் அது ஹூங்காவின் பாறைகளுக்குப் பக்கத்திலேயே நின்றது. தேடப் போனவர்கள் அந்தப் பாறைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இருட்டும்வரை தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள்.

ஞாயிறு காலை ஆராதனை. சபை பாடிக்கொண்டிருந்தது. செலாவின் புருஷன் என் பின்னால் நின்று, "பாறையில மோதியிருந்தா ஒரு பலகைத் துண்டாவது மெதந்திருக்கணுமே" என்று யாரிடமோ மெல்லச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. படகு அங்கே நிற்கவில்லை. அதற்குப் பிறகு அது சொன்னதை நான்தான் குப்பையில் போட்டிருக்கிறேன்.

கோயிலுக்குக் கட்டிய இடுப்புப் பாயைக்கூட அவிழ்க்காமல் அலுவலகத்துக்கு ஓடினேன். குப்பைக் கோப்பைத் திறந்தேன். சனிக்கிழமை மாலையே மாமாவின் பெட்டி பேசியிருக்கிறது. வழக்கம் போல மொத்தமாக. வாயிலைத் திறந்து அந்தச் செய்தியைப் பலகைக்கு அனுப்பினேன். பலகை விழுந்தது. எழுப்பி மறுபடி அனுப்பினேன், மறுபடி விழுந்தது. கடைசியில் சுருக்கத்தைக் கையாலேயே பிரித்து, எண்களைத் துண்டுத் துண்டாக எடுத்துக் கடல் வரைபடத்தில் புள்ளி வைத்தேன். ஹூங்காவில் எஞ்சின் நின்று, படகு மேற்கே லாத்தே தீவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

திரும்பி ஓடி வரைபடத்தைப் போதகரிடம் காட்டினேன். பிரசங்கத்தின் நடுவில் இருந்தார். ஞாயிறன்று இங்கே யாரும் படகை அவிழ்ப்பதில்லை, உங்களுக்குத் தெரியும். வரைபடத்தைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். "மீதி ஆராதனை கடல்ல நடக்கட்டும்" என்றார். ஆண்கள் அத்தனை பேரும் கோயில் உடுப்போடு துறைக்கு ஓடினார்கள்.

பிற்பகலில் கண்டுபிடித்தார்கள். மாமாவின் உதடு வெடித்து, குரல் போயிருந்தது. துறையில் என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "ராத்திரி பூரா உன் பலகைய நம்பித்தான்டா இருந்தேன். எங்க இருக்கேன்னு அதுகிட்ட சொல்லிட்டேனே, வந்துருவாங்கன்னு இவன்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்." நான் அங்கேயே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா, வாயிலை வைத்தவன் நான். அந்தப் பாரம் என்னுடையது. ஆனால் மாமாவின் செய்திதான் நீளமானது என்று உங்களுக்கும் தெரியும். அப்படியே இருக்கட்டும், எடுத்துவிடாதே என்று எழுதினீர்கள். உங்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அது என்ன என்று கேட்கக் கூடாது என்கிறார் அம்மா. கேட்கவில்லை.

வாயிலை எடுத்துவிட்டேன். பலகை விழட்டும். விழுந்தால் எழுப்ப அலுவலகத்திலேயே இருக்கிறேன்.

செமிசி


லோகன்
ஆகஸ்ட் 15

அன்புத் தம்பி செமிசிக்கு,

மாமாவின் குரல் திரும்பிவிட்டதாக அம்மா சொன்னார். தேவனுக்கு நன்றி சொன்னேன், மனதாரச் சொன்னேன்.

இன்று காலை புரோல்காவின் புதிய வெளியீடு உலகத்துக்குப் போயிற்று. இனிமேல் பேசலாம். இந்தக் கடிதத்தைப் படிப்பதற்கு முன் பலகையின் அடித்தளத்தைப் புதுப்பித்துவிடு. முடித்துவிட்டு வா, காத்திருக்கிறேன்.

சுருக்கிய செய்தி தன் தலையில் ஓர் அளவைச் சொல்லும். என்னுள் பத்துக் கூடைக் கிழங்கு என்று வைத்துக்கொள். அடித்தளம் பத்துக் கூடைக்கு இடம் ஒதுக்கும். பிரிக்கும்போது உள்ளே பன்னிரண்டு இருந்தால் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். எங்களுடையது நிறுத்தவில்லை, மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குள் கொட்டியது. மாமாவின் பழைய பெட்டிக்குக் கூட்டல் சரியாக வரவில்லை, தெரியாமல் கொட்டியது. பலகை விழுந்தது. வேண்டுமென்றே செய்கிறவன் கிழங்குக்குப் பதில் தன் ஆளையே பக்கத்து வீட்டில் இறக்கலாம். அதன் பிறகு வீடு அவனுடையது. உன் பலகையில் படகுகளை அவன் இஷ்டத்துக்கு இடம் மாற்றிக் காட்டலாம். புரோல்கா ஓடுகிற எத்தனையோ ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, வங்கிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

நீ அனுப்பிய கோப்பைத் திறந்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. பிரியோனி என் முகத்தைப் பார்த்தாள்.

"தம்பிகிட்ட சொல்லணும்போல இருக்கா?"

"இருக்கு."

"கண்டுபிடிச்சதே அவர்தான். சொல்ல உனக்கு உரிமை இருக்கு. ரகசியம் தங்குமா அவர்கிட்ட?"

"காவா வட்டத்துல அவன்தான் முதல் பேச்சாளி."

"அப்ப நீயே முடிவு பண்ணு. நான் சொல்ல மாட்டேன்."

சொல்லாமல் இருப்பது என்று நானே முடிவு செய்தேன். யாரும் என் வாயைக் கட்டவில்லை. உனக்குச் சொல்லியிருந்தால் செலாவுக்குக் காரணம் சொல்லியிருப்பாய். செலா துறை முழுக்கச் சொல்லியிருப்பார். துறையில் ஊர் ஊராகச் சுற்றுகிற பாய்மரப் படகுக்காரர்கள் நிற்கிறார்கள். ஓட்டை இருக்கிற இடம் தெரிந்துவிட்டால், நாங்கள் அடைப்பதற்குள் உள்ளே நுழைய உலகத்தில் ஆள் நிறைய. ஜூலை தொடக்கத்திலேயே முடித்திருப்போம். டெஸ் என்னிடம் வந்து, "லூசி, வருத்தப்படாத. இதே தப்பு இன்னொரு எடத்துலயும் இருக்கு. நாம அடைச்சது பாதிதான்" என்றான். மறுபடி முதலிலிருந்து. மாமா கடலில் இருந்தது அந்த நாட்களில்தான்.

சொல்லாததற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நாளைக்கு இதே நிலை வந்தாலும் இதையேதான் செய்வேன். ஆனால் உன் வாயிலைப் பற்றிப் படித்தபோது, தெரியாமலேயே ஓட்டையை அடைத்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தில், அந்த வாயிலுக்கு வெளியே நிற்கப்போவது யார் என்று யோசிக்கவில்லை. எதையும் வெளியிடாமலே 'மாமாவின் செய்தியைத் தினமும் குப்பையில் பார்' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மாமாவிடமும் கேட்டுவிட்டேன்.

வெளியீட்டுக் குறிப்பின் கடைசி வரியைப் பார். 'கண்டறிந்து தெரிவித்தவர்: செமிசி வைப்புலு, நெயாஃபு, வாவாவு.' அதை டெஸ்தான் எழுதினான்.

என்றும் உன் அக்கா,
லுசேயானே


நெயாஃபு
செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். திமிங்கிலங்கள் குட்டிகளோடு வளைகுடா வரை வந்துவிட்டன, பார்க்க வருகிறவர்களால் ஊர் நிரம்பி வழிகிறது. அம்மா உங்கள் தைலத்தைப் பக்கத்து வீட்டுக்காரிக்கும் பூசிவிடுகிறார்.

முதலில் கோபப்பட்டேன். உங்கள் கடிதத்தை ஒரு வாரம் தொடவில்லை. சொந்தத் தம்பியைவிட முகம் தெரியாத வங்கிகள் பெரிதா என்று நினைத்தேன். பிறகு மாமாவே ஒருநாள் வலை தைத்துக்கொண்டு கேட்டார்.

"லுசேயானே உன்கிட்ட சொல்லியிருந்தா நீ யாருகிட்ட சொல்லியிருப்ப?"

"யாருகிட்டயும் இல்ல."

"பொய். என்கிட்ட சொல்லியிருப்ப. நான் யாருகிட்ட சொல்லியிருப்பேன்?"

வலையின் மறுமுனையை எடுத்து மடித்தேன். மாமா ஊசியை வைத்துவிட்டுச் சிரித்தார். "போன மாசம் உன் பொண்டாட்டிக்கு வாங்கின பொறந்தநாள் துணி என்ன நிறம்னு ஊருக்கே தெரியும். அவளுக்கு மட்டுந்தான் தெரியாது. போடா."

அடித்தளத்தைப் புதுப்பித்தேன். மாமாவின் பெட்டி மூன்று நாள் வழியை ஒரே மூச்சில் கொட்டியது. பலகை அசையவில்லை. தலையில் தப்பான அளவு இருந்தால் அந்தச் செய்தியை ஒதுக்கி, எனக்கு மணி அடிக்கும்படி செய்திருக்கிறேன். இனி எதையும் பார்க்காமல் குப்பையில் போடுவதில்லை.

உங்கள் திருத்தத்தைப் படித்தேன். அழகாக இருக்கிறது. அதன் பிறகு பொழுது கிடைக்கும்போதெல்லாம் அடித்தளத்தின் மற்றப் பக்கங்களையும் படிக்கிறேன். அலிசி திட்டுகிறாள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
செமிசி


நெயாஃபு
அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தேவ கிருபையால் நலம். நட்ட பெருவள்ளி கொடி வீசிவிட்டது. ஃபுசிக்கு முன்பல் விழுந்தது. அம்மா நலம்.

பலகை நன்றாக இருக்கிறது. வேலை பற்றி எழுத வேறு எதுவும் இல்லை.

காவா வட்டத்துக்கு இப்போது போவதில்லை. தொண்டை சரியில்லை. "தொண்டையா, அலிசி போட்ட பூட்டா?" என்று மாமா தினமும் வாசலில் நின்று கேட்கிறார். தொண்டையைத் தொட்டுக் காட்டுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

செமிசி


நெயாஃபு, வாவாவு
அக்டோபர் 9

புரோல்கா பாதுகாப்புக் குழுவினருக்கு,

வணக்கம். அடித்தளத்தில் தேதியைப் படிக்கும் பகுதியில் ஓர் ஓட்டை இருப்பதாக நம்புகிறேன். எங்கள் தீவுகள் தேதிக் கோட்டுக்கு அருகில் இருப்பதால், நேர வித்தியாசத்தைக் குறிக்கும் பகுதியைச் சோதித்தபோது கண்டேன். அந்தப் பகுதி அளவுக்கு மேல் நீண்டால், ஒதுக்கிய இடத்துக்கு வெளியே எழுதப்படுகிறது. மீண்டும் நிகழ்த்திக் காட்டும் சிறு நிரலை இணைத்துள்ளேன்.

இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் குழுவில் என் உறவினர் ஒருவர் இருக்கிறார். அவரிடமும் தனிப்பட்ட முறையில் தெரிவிக்கவில்லை. திருத்தம் வெளியாகும்வரை தெரிவிக்கவும் மாட்டேன்.

இப்படிக்கு,
செமிசி வைப்புலு


பிரிஸ்பேன்
அக்டோபர் 12

மதிப்பிற்குரிய திரு. வைப்புலு அவர்களுக்கு,

உங்கள் அறிக்கை கிடைத்தது. சோதித்தோம், நீங்கள் சொன்னது சரி. கடுமையான ஓட்டை. திருத்தம் நவம்பர் நடுவில் வெளியாகும். அதுவரை இதை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். உங்கள் கவனத்துக்கும் பொறுமைக்கும் குழு நன்றி கூறுகிறது.

புரோல்கா பாதுகாப்புக் குழு


லோகன்
அக்டோபர் 12

அன்புத் தம்பி செமிசிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். ஃபுசியின் பல்லைக் கூரைமேல் எறிந்தீர்களா? கொடிகளுக்கு இப்போதே கொழுகொம்பு நட்டுவிடு, பிறகு மழை விடாது. இங்கே எழுதும்படி எந்தப் புதுச் செய்தியும் இல்லை. டெஸ்ஸும் பிரியோனியும் உன்னைக் கேட்டதாகச் சொன்னார்கள். என்ன காரணமோ, இருவரும் காலையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

உன் தொண்டையைப் பற்றி அத்தானிடம் சொன்னேன். வெந்நீர் குடிக்கச் சொன்னார். எனக்குத் தோன்றுவது, அவசரப்பட வேண்டாம். மாமா எவ்வளவு கேலி செய்தாலும் வட்டத்துக்குப் போகாதே.

நவம்பர் நடுவில் சரியாகிவிடும்.

பெருமையுடன்,
அக்கா